தோட்டத்துப் பெஞ்சு

“தங்கள் மனு தொடர்பாக விசாரணை அதிகாரி இம்மாதம் 19ஆம் திகதி தங்கள் இருப்பிடத்துக்கு நேரில் வருவார். அன்று குடும்பத்தார் வீட்டில் இருத்தல் வேண்டும்.”

3.7.1956 எனத் திகதியிடப்பட்ட கடிதத்தின் பொருள் இது. கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் மனுவை எழுதிக் கொடுத்த தோட்டப் பாடசாலை ஆசிரியரே இதையும் படித்துச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டு வந்து அப்பாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுக்காக அச்சிடும் இம்மலரைக் கையில் பெறும் உறவினரும் நண்பர்களும், எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். அதைத் “தோட்டத்துப் பெஞ்சு” என்று நாங்கள் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்லிவருகிறார்கள். மூத்த மகளாகிய நான் அதை நடந்த ஒழுங்கில் எழுதி வைக்க விரும்புகிறேன். நேரில் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாகவுமே எழுதுகிறேன்.

அம்மா உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். தோட்டத்துப் பதிவில் 1912 என்று இருக்கிறது. அவருடைய தாயார் சொன்னபடி அதற்கு அடுத்த வருடம். முசிறிப் பக்கத்திலிருந்து வந்த தாய் தகப்பன் இருவரும், அம்மாவுக்கு விவரம் தெரிவதற்குள் ஒருவர்பின் ஒருவராகக் காய்ச்சலில் போய்விட்டார்கள் என்று சிலர் சொல்வது தவறு. தகப்பனார்தான் முன்னே போனார். தாயார் அம்மாவின் கலியாணத்தைப் பார்த்துவிட்டே கண்மூடினார். 1930இல் அப்பாவைக் கைப்பிடித்து இறம்பொடைக்கு வந்த அம்மா, வந்த மறுவாரமே கொழுந்துக்கூடையை முதுகில் மாட்டினார். எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. யுத்தக் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கை அவித்து எங்களை வளர்த்தார். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதிலிருந்து அவரை அசைக்க முடியாது.

1948இல் வந்த சட்டத்தால் நாங்கள் இந்நாட்டுப் பிரஜைகள் அல்ல என்றாகியது. பின்னர், இங்கேயே நிலைத்து வாழ்கிறவர்கள் மனுப்போடலாம் என்றார்கள். அப்பா தயங்கினார். அம்மாதான் ஆசிரியரிடம் போய் மனுவை எழுத வைத்தார். அதன் பிறகு வருடக்கணக்கில் எந்தப் பதிலும் இல்லாமல் இருந்து, மேலே சொன்ன கடிதம் வந்தது.

கடிதம் வந்த செய்தி, ஒரே கூரையடியில் வரிசையாக இருந்த எங்கள் லயம் முழுவதும் பரவியது. பக்கத்துக் காம்பராவில் இருந்த மருதாயி அத்தை, தம் அண்ணனுடைய மனு தள்ளுபடியானதன் காரணத்தை அம்மாவிடம் சொன்னார்.

“அதிகாரி உள்ள வந்து சுத்திப் பார்த்தாராம் மதினி. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், கயித்துல ரெண்டு துணி. ‘எப்ப ஊருக்குப் போறீங்க’ன்னு கேட்டாராம். எங்கண்ணன் ஒரு மக்கு. ‘எந்த ஊருக்குங்க’ன்னு திருப்பிக் கேட்டிருக்கு.”

“அதுல என்ன தப்பு?”

“தப்பு வாயில இல்ல மதினி, வீட்டுல. மூட்டை கட்டி வச்சவன் வீடு மாதிரி இருந்துச்சாம்.”

இது உண்மையா என்பது எனக்குத் தெரியாது. அம்மா நம்பினார். எங்கள் காம்பராவிலும் ஒரு டிரங்குப் பெட்டியும் பாய்களும் அடுப்பும்தான் இருந்தன. அன்று மாலை அம்மா உள்ளே நின்று நாலு சுவரையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஒரு பெஞ்சு வேணும். போறவன் பெஞ்சு செய்ய மாட்டான்ல?”

“பெஞ்சுக்குப் பலகை எங்க இருக்கு?” என்றார் அப்பா.

அம்மா அடுப்புக்கு மேலிருந்த பரணைக் காட்டினார்.

அந்தப் பரணில் இருந்த மரத்தைப் பற்றி இங்கே விளக்க வேண்டும். முந்திய மாதப் புயற்காற்றில், தேயிலைக்கு நிழலாக நின்ற சவுக்கு மரங்கள் சில சாய்ந்தன. விழுந்த மரத்தை ஞாயிற்றுக்கிழமையில் விறகுக்கு எடுத்துக்கொள்ளத் தோட்டத்தில் அனுமதி உண்டு. அதற்கு எழுதாத ஒரு வழக்கமும் இருந்தது. ஒரு பெண் தலையில் வைத்துத் தனியாகத் தூக்கக்கூடியது விறகு. இருவர் சேர்ந்து தோளில் சுமந்தால் அது மரம். மரம் தோட்டத்துச் சொத்து. ஆகவே அப்பா ஒரு துண்டை மலையிலேயே ஆப்பு அடித்து நடுவில் பிளந்து கொடுத்தார். ஒரு பாதியை அம்மாவும் மறு பாதியை நானும் தலையில் சுமந்து வந்தோம். வழியில் நின்ற கங்காணி பார்த்துத் தலையசைத்து அனுப்பினார். அன்றைக்கு அது எரிப்பதற்கென்றே வந்த விறகு.

இப்போது அம்மா அதையே பெஞ்சாக்கப் பார்த்தார்.

“எரிக்கக் குடுத்ததை எரிச்சிரணும் புள்ள. கண்டாக்கு ஐயா கண்ணுல பட்டா என்ன ஆகும்?” என்றார் அப்பா. மலை வேலைகள் எல்லாவற்றையும் மேற்பார்த்த கண்டாக்கு ஐயா கண்டிப்பானவர். அவர் தோட்டத்துரையிடம் ஒரு சொல் சொன்னால், காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டில் எங்கள் பெயர் வராது. பெயர் வெட்டப்பட்டால் காம்பராவும் போகும். இருக்க இடமில்லாதவர் நிலைத்து வாழ்கிறவர் என்று மனுப்போட முடியாது. அப்பா பயந்தது இதற்குத்தான். அம்மாவுக்கும் அது தெரியாமலில்லை.

மறுநாள் அம்மா பாடசாலைக்குப் போய் அங்கிருந்த பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தாராம். ஆசிரியரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொன்னது இது.

“என்னம்மா தேடுறீங்க?”

“காலுங்க ஐயா. எப்படி நிக்குதுன்னு பாக்கிறேன்.”

இறம்பொடைக் கடைவீதியில் இரும்புச் சாமான் விற்ற முதலாளி ஒரு கைவாளை இரவல் கொடுத்தார். ஆணியும் அவர் கடையில் வாங்கியதே. பிளந்த பாளங்களின் தட்டைப் பக்கத்தை அப்பா தம் கவ்வாத்துக் கத்தியால் சீவினார். தேயிலைச் செடி வெட்டும் கத்தி அது. மரம் சீவச் சீவ வாய் மழுங்கியது. மாலை வேலை முடிந்து வந்ததும் அவர் அதைத் தீட்டுவார், மீண்டும் சீவுவார், இடையிடையே வாசலைப் பார்ப்பார். மனமில்லாமல் தொடங்கியவர் அவர். ஆனால் கத்தியைக் கையில் எடுத்தபின் கோணலாகச் சீவ அவரால் முடியவில்லை.

கால் பொருத்துவதற்குத் துளையிட எங்களிடம் கருவி இல்லை. அம்மா ஒரு இரும்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பாளத்தின் அடிப்பக்கத்தில் வைத்து அழுத்தினார். புகை கிளம்பும்; கம்பி ஆறிவிடும்; மறுபடி காய்ச்ச வேண்டும். நான் பாளத்தை அசையாமல் பிடித்துக்கொண்டேன். இப்படிச் சுட்டுச் சுட்டே நாலு துளைகளையும் எடுத்தார். கிளை மரத்தில் வெட்டிய கால்களைச் சற்றே வெளிச்சாய்வாகச் செருகி, மேலே ஆப்பு வைத்து இறுக்கினோம். இரு பாளங்களையும் சேர்க்க அடியில் குறுக்குச் சட்டம் வைத்து ஆணி அடித்தபோது, மரத்துக்குள் ஏதோ விண்டது போல ஒரு சத்தம். மூவரும் கையை எடுத்துவிட்டோம். வெடிப்பு ஓரத்தோடு நின்றது. மரம் முழுதாகக் காயவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

15ஆம் திகதி, ஞாயிறு பிற்பகல், பெஞ்சைக் காம்பராவின் முன்திண்ணையான இஸ்தோப்பில் வைத்து அதன் ஆட்டத்தைச் சரிசெய்துகொண்டிருந்தோம். கண்டாக்கு ஐயா லயத்து வழியே வந்தார். அப்பா எழுந்து தலைத்துண்டை எடுத்தார். நாங்களும் எழுந்து நின்றோம்.

“இது என்ன?”

“விறகுங்க ஐயா,” என்றார் அம்மா.

“நாலு கால் வச்ச விறகா?”

“ஈரத் தரையில வச்சா காயாதுங்களே.”

அடுத்த இஸ்தோப்பில் நின்ற மருதாயி அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கண்டாக்கு ஐயா சிரிக்கவில்லை.

“மேல எதுக்குச் சீவியிருக்கு?”

“பட்டை இருந்தா பூச்சி பிடிக்கும்ங்க.”

“ஆணி?”

அம்மா ஆணித்தலையை விரலால் மறைத்தார்.

“விறகுன்னு குடுத்தா எரிக்கணும். சாமான் செஞ்சா தோட்டத்து மரத்தை எடுத்ததாத்தான் ஆகும். துரைகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?”

அப்பா கோடரியை எடுத்துவிட்டார். “இப்பவே ஒடச்சு அடுப்புல போட்டுறேங்க ஐயா.”

அம்மா பெஞ்சின் முன்னால் வந்து நின்றார். அப்பா கையிலிருந்த கோடரியைப் பார்க்கவே இல்லை. கண்டாக்கு ஐயாவைப் பார்த்துச் சொன்னார்: “பச்சையா இருக்குங்க. இப்பப் போட்டா லயம் பூரா புகையும்.”

“எப்பக் காயும்?”

“வெயில் அடிச்சா நாலஞ்சு நாளுங்க.”

“ஆடி பொறக்கப் போகுது. வெயிலுக்கு எங்க போவ?” அவர் குடையைத் தரையில் ஊன்றினார். “வெள்ளிக்கிழமை சாயந்தரம் வருவேன். எனக்குச் சாம்பலைக் காட்டணும்.”

அவர் போன பிறகு அப்பா கோடரியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அதிகாரி வருவது வியாழக்கிழமை. கண்டாக்கு ஐயா வருவது வெள்ளிக்கிழமை. வியாழன் முடிந்ததும் உடைத்து எரித்துவிடலாம் என்று அம்மா சொன்னார். அந்த நாட்களில் மழை விடவில்லை. அம்மா பெஞ்சை உள்ளே இழுத்து அடுப்புப் பக்கம் வைத்திருந்தார். வெடிப்பு நீள்கிறதா என்று காலையும் மாலையும் விரலால் தடவிப் பார்ப்பார். ஊரார் சிலர், “ஒடச்சுப் போட்டுருங்க, வேலை பெருசா பெஞ்சு பெருசா” என்றார்கள். அப்பா ஒவ்வொரு நாளும் பெரட்டுக்குப் போய், தம் பெயர் கூப்பிடப்படும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதாகப் பிறகு சொன்னார்.

வியாழன் காலை அதிகாரி வந்தார். எங்கள் கணக்கில் ஒரு பிழை இருந்தது. லயத்துக்கு வெளியாரை யாராவது அழைத்து வந்துதான் ஆகவேண்டும் என்பதை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அதிகாரியின் பின்னால் குடையை மடக்கிக்கொண்டு வந்தவர் கண்டாக்கு ஐயா.

அதிகாரி சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். குனிந்து உள்ளே வந்ததும், பெஞ்சைக் கண்டு இயல்பாக அதில் உட்கார்ந்தார். ஒரு கால் தரையில் தட்டியது. நான் வெடிப்பைப் பார்த்தேன். அம்மாவும் அதைத்தான் பார்த்தார். கண்டாக்கு ஐயா கதவோரம் நின்றார். அப்பா சுவரோடு ஒட்டி நின்றார்.

பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம், எந்த வருடத்திலிருந்து இங்கே என்றெல்லாம் அதிகாரி கேட்டார். இந்தியாவுக்குப் போனதுண்டா என்றார். இல்லை என்றார் அம்மா. அங்கே காணி, வீடு? இல்லை. கேள்விகள் மெதுவாகவும் மரியாதையாகவுமே வந்தன. பிறகு அவர் கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் இடம் விட்டார்.

“நின்னுக்கிட்டே பதில் சொல்ல வேணாம். உட்காருங்கம்மா.”

அம்மா அசையவில்லை. தோட்டத்தில் வேலை செய்கிறவர் எவரும் கண்டாக்கு ஐயா நிற்கும்போது உட்காருவதில்லை. தம் வீட்டுக்குள்ளும் இல்லை. அம்மா அப்படி உட்கார்ந்து நான் ஒரு நாளும் கண்டதில்லை. ஆனால் வெளியூர் அதிகாரிக்கு இது எப்படித் தெரியும்?

“உட்காருங்க. உங்க வீட்டுப் பெஞ்சுதானே?”

அம்மா கதவோரம் ஒரு தடவை பார்த்தார். என்னுடையது என்றால் மரத்தை எடுத்ததாகக் கண்டாக்கு ஐயாவின் முன்னாலேயே ஒப்புக்கொண்டதாகும். விறகு என்றால் அதிகாரி விறகின்மேல் உட்கார்ந்திருக்கிறார்.

“ஏன், இது உங்களோடது இல்லையா?” என்றார் அதிகாரி.

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் கண்டாக்கு ஐயா சொன்னார்:

“அது தோட்டத்துப் பெஞ்சு, சார்.”

அதிகாரி அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ‘ஓ’ என்று எழுதத் தொடங்கினார். எழுதி முடித்ததும் காம்பராவைச் சுற்றிப் பார்த்தார். டிரங்குப் பெட்டி, பாய்கள், கயிற்றில் துணி.

“அப்ப இங்க உங்களுக்குன்னு என்ன இருக்கு?”

“நாங்க இருக்கோமுங்க,” என்றார் அம்மா.

“அதைத்தானம்மா விசாரிக்க வந்திருக்கேன்.”

அவர் எழுந்து போனார். கண்டாக்கு ஐயா குடையை விரித்து அவருக்குப் பிடித்துக்கொண்டு நடந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயந்தரம் அம்மா வாசலில் நின்றார். அப்பா கோடரியை எடுத்து வைத்திருந்தார். கண்டாக்கு ஐயா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. துரைக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. பெரட்டில் எங்கள் பெயர்கள் வழமைபோலக் கூப்பிடப்பட்டன. பல நாட்களுக்குப் பிறகு லயத்துக் கூரைகளைப் பார்வையிட வந்தபோது, எங்கள் இஸ்தோப்பில் நின்று பெஞ்சைப் பார்த்தார். “தோட்டத்துப் பெஞ்சைப் பத்திரமா வச்சுக்க,” என்றார். அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்து எதுவும் அறிய முடியவில்லை.

மனு 1958இல் தள்ளுபடியானது. இந்நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் போதியளவு நிறுவப்படவில்லை என்பது காரணம். மேன்முறையீடு எழுதினோம். அதற்குப் பதில் வரவில்லை.

அன்று முதல், கண்டாக்கு ஐயா சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. “ஒரே வார்த்தையில நம்மகிட்ட இருந்த ஒரே சாமானையும் அந்தாளு எடுத்துக்கிட்டாரு,” என்பார் அப்பா.

“அவங்களோடதுதான்னு சொல்லியிருந்தா மறுநாள் நம்ம பேரு பெரட்டுல இருக்குமாங்க?” என்பார் அம்மா. “அதுக்கப்புறம் எந்தக் காம்பராவில இருந்துக்கிட்டு உரிமை கேக்கிறது?”

“அவரு தன்னைக் காப்பாத்திக்கிட்டாரு. தன் கண்ணு முன்னால தோட்டத்து மரம் போயிருக்குன்னு வெளியாளுகிட்ட சொல்லுவாரா?”

“வெள்ளிக்கிழமை ஏன் வரல?”

“அப்ப மனு ஏன் தள்ளுபடியாச்சு?” என்று அப்பா திருப்பிக் கேட்பார். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

பெஞ்சு காயக் காய வளைந்தது. இரு பாளங்களுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, எழும்போது சேலை மாட்டும். வந்தவர்களை அம்மா முன்கூட்டியே எச்சரிப்பார்: “பார்த்து எந்திரிங்க, தோட்டத்துக்குச் சொந்தமானது, புடவையைப் பிடிச்சு வச்சுக்கும்.” பிள்ளைத்தாய்ச்சிகளும் மூட்டு வலிக்காரர்களும் அதில் உட்கார்ந்து இளைப்பாறிப் போவார்கள். கண்டாக்கு ஐயா வேறு தோட்டத்துக்கு மாறிப்போன பிறகுதான் அம்மா அதில் தாமும் உட்கார ஆரம்பித்தார் என்பது என் நினைவு.

1963 மழைக்காலத்தில் அம்மாவுக்கு நெஞ்சுச் சளி கண்டது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் சில காலம் இருந்து, தேறியதாகச் சொல்லி வீட்டுக்கு வந்தார். வந்த பிறகு கொழுந்து மலைக்குப் போகவில்லை. 1964 தை மாதம், ஒரு காலைப்பொழுதில், எங்கள் எல்லோர் நடுவிலும் அமைதியாகப் பிரிந்தார். சென்ற ஐப்பசியில் இரு நாட்டுத் தலைவர்களும் எங்களைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்பந்தம் செய்தார்கள். எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு அம்மா பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா இன்னும் சொல்லவில்லை.

அம்மாவின் நோயில் இரவல் கேட்காமலே கம்பளி கொண்டுவந்து கொடுத்த இறம்பொடை முதலாளி அவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறியைக் கேட்டு வாங்கித் தந்த ஆசிரியர் அவர்களுக்கும், கடைசி வரை கஞ்சி காய்ச்சி ஊட்டிய மருதாயி அத்தைக்கும், தம் வேலையை விட்டுவிட்டு வந்து குழி வெட்டிய லயத்துச் சகோதரர்களுக்கும், மழையில் நனைந்து உடன் நடந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த வரிசையில் கண்டாக்கு ஐயாவையும் சேர்க்க வேண்டும் என்று அம்மா நோய்ப்படுக்கையில் என்னிடம் சொன்னார். இதை எழுதி அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது, சேர்த்தால் தம் பெயரை மலரிலிருந்து எடுத்துவிடும்படி அவர் சொன்னார். சென்ற வருடம் நுவரெலியா பஸ் நிலையத்தில் கண்டாக்கு ஐயாவைக் கண்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். அம்மா காலமானதைச் சொன்னேன், தொப்பியைக் கழற்றினார். அந்த வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். “பெஞ்சா? தோட்டத்துல எத்தனையோ பெஞ்சு இருந்துச்சேம்மா,” என்றார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

ஆகவே அவருக்கு இங்கே நன்றி சொல்லவில்லை; குறையும் சொல்லவில்லை. அன்று அவர் அந்த வார்த்தையை எங்களுக்காகச் சொன்னாரா, தமக்காகச் சொன்னாரா என்பதும், அதனால்தான் மனு தள்ளுபடியானதா என்பதும், இம்மலர் அச்சுக்குப் போகும் நாள் வரை உறுதிப்படுத்தப்படவில்லை.